சென்னை நகரில் விலைமகளிர் நிலையும் சட்டமும்

அனுப்பம்பட்டு நிலையத்தில் நாள்தோறும் காலை மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் பயிலவரும் மாணவர் சிலரேம் யாம். பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த குப்பங்களிற் பிறந்தோர். அவ்வண்டியிலே எம்முடன் மகளிர் பலர் வருகின்றனர். மீன்கூடை கொணர்வோர், வீட்டு வேலைக்குச் செல்வோர், சித்தாள் வேலை புரிவோர், துணிக்கடைப் பணிக்குச் செல்வோர் எனப் பலதிறத்தார். ஏரியின் முகத்துவாரம் தூர்ந்து மீன்வரத்துக் குறையுங்கால் இவர்தம் தொகை பெருகக் காண்கின்றோம். "பட்டணத்திலே நல்ல வேலை இருக்கிறது, தங்க இடமும் உண்டு, முன்பணமும் கிடைக்கும்" என்னும் சொல் எம் குப்பங்களில் அடிக்கடி கேட்கப்படுவது. அச்சொல் பெரும்பாலும் மெய்யே. ஆயினும், பெண்ணை விலைக்கு விற்கும் தரகர் எந்நாட்டிலும் முதலிற் சொல்லும் சொல்லும் அதுவே. எம் ஊர்ப் பெண்டிர்மீது பழி சுமத்த வந்தோமென எவரும் கொள்ளற்க. வறுமையும் சட்டமும் ஒரு பெண்ணை எங்ஙனம் அலைக்கழிக்கும் என்பதை இம்மலரின் வாசகர்முன் வைத்தலே எம் கருத்து.

நாட்டிலே உணவு முடையுற்றால் மனிதர் விலை குறையும் என்பது எம் ஏரிக்கரை நெடுங்காலத்திற்கு முன்னரே கண்ட உண்மை. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டு பழவேற்காட்டிலே கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். துணி வாணிகத்திற்கு வந்த அவர்கள், பஞ்சம் தோன்றிய ஆண்டுகளில் ஆண், பெண், குழந்தை என்னும் வேறுபாடின்றி மக்களை வாங்கிப் பத்தாவியாவுக்கு ஏற்றினர். அது கள்ளக் கடத்தலன்று. கம்பெனியின் கணக்கேட்டில் வரவு செலவாக எழுதப்பட்ட வாணிகம். இந்திய நாட்டில் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843-ஆம் ஆண்டில்தான். சட்டம் மாறிற்று, பசி மாறவில்லை. பசியை ஒழிக்காது விற்பனையை மட்டும் விலக்கும் சட்டத்திற்கு நேர்வது யாது என்பதைச் சென்னை நகரின் பிற்கால வரலாறு காட்டுகின்றது.

1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் இத்தொழிலைத் தடுக்க முற்படவில்லை. பட்டாளத்தாரின் உடல்நலம் கெடலாகாது என்பதே அதன் நோக்கம். ஆதலின் பெண்டிர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளவும், வலுக்கட்டாயமான சோதனைக்கு உட்படவும், நோய்கண்டால் மருத்துவமனையில் அடைபடவும் விதித்தது. அவர்களிடம் வந்த ஆடவரைச் சோதிக்க வேண்டுமென ஒரு விதியும் இல்லை! இங்கிலாந்திலே ஜோசபின் பட்லர் அம்மையார் முதலியோர் நடத்திய பெருங்கிளர்ச்சியின் பின் அந்நாட்டுச் சட்டம் 1886-லும், இந்நாட்டுச் சட்டம் 1888-லும் நீக்கப்பட்டன.

அடுத்து வந்தது சீர்திருத்தக் காலம். இதிலே இருவகைச் சட்டங்கள் தோன்றின. அவற்றின் வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. கோயிற்பணி புரிந்த தேவதாசியருக்கு மானிய நிலங்கள் இருந்தன. (அவர்கள் அனைவரையும் விலைமகளிர் எனல் வரலாற்றுப் பிழை, இசையையும் ஆடலையும் காத்த மரபினர் அவர்.) பணியை விட்டால் நிலமும் போய்விடும் என்ற அச்சமே பலரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற் கட்டிப்போட்டிருந்தது. சென்னைச் சட்டசபையில் துணைத்தலைவராக வீற்றிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியவர்கள் முயற்சியால் 1929-ஆம் ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம், பணிக்கடமையை நீக்கி நிலத்தை அப்பெண்டிர்க்கே உரியதாக்கிற்று. விடுதலையையும் வாழ்வுக்கு வழியையும் ஒருங்கே தந்த சட்டம் அது. மற்றொரு வகை, 1930-ஆம் ஆண்டின் சென்னை விபசாரத் தடைச் சட்டம். தரகையும் விடுதி நடத்துதலையும் அது தண்டித்தது, நன்றே. ஆனால் மூடிய விடுதியிலிருந்து வெளியேறிய பெண் மறுநாள் எதை உண்பாள் என்னும் வினாவிற்கு அதில் விடையில்லை. பொட்டுக்கட்டுதலையே விலக்கிய 1947-ஆம் ஆண்டின் சட்டத்தையும் இக்கண்கொண்டே நோக்குதல் வேண்டும். வழக்கம் ஒழிந்ததை வரவேற்கின்றோம். எனினும் அதற்கு ஈடான பிழைப்பை அச்சட்டம் வகுக்கவில்லை.

சுதந்தர இந்தியா 1956-ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் செய்தது. 1986-ல் அது திருத்தப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. இச்சட்டத்தின்படி ஒரு பெண் தன் உடலை விற்றல் தன்னளவிற் குற்றமன்று. விடுதி நடத்தல், அவள் வருவாயில் வாழ்தல், பெண்ணை இத்தொழிலுக்குக் கொணர்தல், பொதுவிடத்தில் அழைத்தல் ஆகியனவே குற்றம். ஏட்டிலே இது கருணை போலத் தோன்றும். ஆனால் பொதுவிடத்தில் அழைத்த குற்றத்திற்குப் பெண்ணுக்கு முதன்முறையே ஆறு மாதம் வரை சிறை; அதே குற்றம் செய்த ஆடவனுக்கு ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை. மாஜிஸ்திரேட்டு அவளை ஊரைவிட்டு அகற்றவும் ஒரு பிரிவு இடம் தருகின்றது. அழைத்தலைக் குற்றமாக்கும் பிரிவை நீக்கவும், வாங்குவோனைத் தண்டிக்கவும் 2006-ல் கொணரப்பட்ட மசோதா நிறைவேறாமலே காலாவதியாயிற்று. தமிழிலும் பரத்தை என்னும் சொல் நிலைத்துவிட்டது. பரத்தன் என்னும் சொல்லோ வழக்கிழந்தது.

பொருளியல் பயிலும் மாணவர் ஒன்றைச் சிந்திக்கலாம். மறைவாக நடக்க வேண்டிய வாணிகத்திற்கு மறைவே ஒரு செலவு. வீட்டுக்காரன் இருமடங்கு வாடகை கேட்பான்; கண்டும் காணாததுபோல் இருப்பவனுக்குக் கூலி வேண்டும்; தரகனின்றி ஒன்றும் நடவாது. இவ்வளவும் அப்பெண்ணின் பங்கிலிருந்தே கழியும். பம்பாயின் காமாட்டிபுரம் போன்று தனித்தெரு ஒன்று சென்னையில் இல்லை என்று பெருமை கொள்வார் உளர். தெரு இல்லாமையால் தொழில் இல்லையென்பதன்று. நகரெங்கும் சிதறி, வாடகை வீடுகளிலும், இக்காலத்திற் கைத்தொலைபேசியிலும் புகுந்துகொண்டது. தொலைபேசியால் ஓரளவு வசதியுடையவள் தெருவைவிட்டு நீங்கினாள். அக்கருவியும் தனியறையும் இல்லாத ஏழையே இன்றும் பேருந்து நிலையத்தருகே நிற்கின்றாள். போலீசார் கைக்கு எளிதில் அகப்படுபவளும் அவளே.

பிடிபட்டவளுக்குக் காவல் இல்லம் என்று ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டு டாக்டர் சுனிதி சாலமனின் மாணவியாகிய டாக்டர் நிர்மலா சென்னை மயிலாப்பூரில் உள்ள அத்தகைய இல்லத்துப் பெண்டிரிடமிருந்து இரத்தம் எடுத்து, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதித்தபோதுதான் எயிட்ஸ் நோய்க்கிருமி இந்தியாவில் இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. மருத்துவ உலகிற்கு அது பெருஞ்செய்தி. அப்பெண்டிர்க்கோ அது புதியதொரு பூட்டு. நோயுடையோர் சிலர் தண்டனைக்காலம் கழிந்த பின்னும் விடப்படாதிருந்து, 1990-ல் நீதிமன்றத்தின் வாயிலாகவே வெளிவந்தனர். அதே ஆண்டு பம்பாயிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பெண்டிர் மீட்கப்பட்டுத் தனி ரயிலிலே சென்னைக்குக் கொணரப்பட்டனர். "முக்தி" என்று அவ்வண்டிக்குப் பெயரிட்டனர். மாலையும் படமும் நிலையத்தோடு முடிந்துவிடும். பிழைப்பு என்பது வண்டியை விட்டிறங்கிய பின் தொடங்குவதன்றோ?

பிறநாட்டார் வெவ்வேறு வழி சென்றனர். ஸ்வீடன் 1999 முதல் வாங்குவோனை மட்டும் தண்டிக்கின்றது. நியூஜிலாந்து 2003-ல் இதனைப் பிற தொழில்களைப் போலவே ஒழுங்குக்குட்படுத்திற்று. இவற்றுள் எது நமக்கு ஏற்கும் என்பதில் எம்முள்ளேயே ஒருமைப்பாடில்லை. ஒன்றில் மட்டும் ஒருமித்தோம்: பெண்ணின் கையிற் சோறும் சான்றும் தராத எவ்வழியும் அவளைத் தரகனிடமே திருப்பியனுப்பும். கொரோனாக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில், அடையாளச் சீட்டுக் கேளாமலே இவர்கட்கு உணவுப்பொருள் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் மாகாணங்களுக்கு ஆணையிட்டது. 2022 மே 19-ஆம் நாள், கல்கத்தாவில் 1999-ல் கொலையுண்ட ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து கிளைத்த வழக்கிலே, நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையில் அந்நீதிமன்றம் தந்த ஆணைகள் இன்னும் விரிந்தவை. விருப்புடன் தொழில் செய்யும் வயதுவந்த பெண்ணைச் சோதனையின்போது கைது செய்தலும் துன்புறுத்தலும் கூடா. அவர்தம் முகத்தைப் பத்திரிகைகள் காட்டலாகாது. தாயின் தொழில் காரணமாகக் குழந்தையைப் பிரிக்கலாகாது. நூறாண்டுச் சட்டங்களுள் 1929-ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பிறகு எம் மனத்திற்கு இசைந்தவை இவ்விரண்டு ஆணைகளே.

குழந்தை என்றமையால் நம் கல்லூரிக்கு வருகின்றோம். 1930-ஆம் ஆண்டளவில் தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் மாணவியர் விடுதியில் இடம் மறுக்கப்பட்டு முத்துலட்சுமி அம்மையாரின் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அடையாற்று ஔவை இல்லம் அதனாலேயே தோன்றிற்று. இடம் மறுத்த விடுதியின் பெயரைத் தேடுவது வேண்டா. நம் விடுதி விண்ணப்பத்தைப் பாருங்கள்: "தந்தையின் பெயர்", "தந்தையின் தொழில்", அவை இல்லையேல் "தாயின் தொழில்" என்று மூன்று வரிகள். அச்சிறுமியர் வழியினள் ஒருத்தி இன்று அதனைக் கையிலேந்தினால் யாது எழுதுவாள்? பொய் எழுத வேண்டும். அன்றேல் எழுதாமலே திரும்ப வேண்டும். தந்தை யாரென்று வெளியிடாமலே மணமாகாத தாய் தன் மகவுக்குக் காப்பாளராகலாம் என 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்துவிட்டது. நம் படிவம் இன்னும் அதை அறியவில்லை. "பழைய வழக்கம், எவரும் அதைப் படிப்பதில்லை" என்று அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் எமக்குப் பரிவுடன் விடையளித்தார். படிப்பாரில்லையாயின் அச்சிடுவானேன்?

அடுத்த ஆண்டுப் படிவங்கள் சித்திரைத் திங்களில் அச்சுக்குச் செல்கின்றன என்று அறிகின்றோம். அதற்குமுன் அம்மூன்று வரிகளையும் நீக்கி, "காப்பாளர் பெயர்" என்னும் ஒரு வரியை மட்டும் இடுமாறு கல்லூரி மன்றத்தாரையும், மன்றத்தில் வீற்றிருக்கும் பழைய மாணவர் பெருமக்களையும் வேண்டுகின்றோம்.