துணைக்கு இன்னொரு நாயா? முதல் நாயைக் கேட்டீர்களா?

“பாவம், நாள் முழுக்கத் தனியாகக் கிடக்கிறது. துணைக்கு இன்னொன்று கொண்டு வந்துவிடலாமா?”

நாய் வளர்க்கும் வீட்டில் இந்தக் கேள்வி என்றைக்காவது ஒருநாள் எழத்தான் செய்யும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். சாலை நெரிசலுக்குப் பயந்து காலை 7 மணிக்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், திரும்பும்போது இருட்டிவிடுகிறது. அதுவரை வாசல் கதவுக்கும் இரும்புக் கேட்டுக்கும் நடுவில் அந்த ஜீவன் தனியாக இருக்கிறது. செருப்பைக் குதறி வைக்கிறது. ஊளைச் சத்தம் தாங்கவில்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நமக்கும் மனசு உறுத்துகிறது. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்ஆப்பில் ஒரு குட்டியின் படம் வருகிறது: ‘தத்தெடுக்க ஆள் தேவை.’

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கே இன்னொரு நாய் மேல் ஆசை, அதற்கு நேரமும் இடமும் பணமும் இருக்கின்றன என்றால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். முதல் நாயின் தனிமையைப் போக்குவதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்த வேலையை இரண்டாவது நாய் செய்துவிடும் என்று நம்புவதற்கு நம்மிடம் உள்ள சான்றுகள் போதாது.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 1996-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் டியூபர், மைக்கல் ஹென்னெஸ்ஸி ஆகியோர் இருந்த குழு 8 நாய்களை எடுத்துக்கொண்டது. எல்லாம் 7 முதல் 9 வயது வரையிலானவை. 8 வாரக் குட்டிகளாக இருந்த காலம் முதல் இரண்டிரண்டாக ஒரே கூண்டில் வாழ்ந்தவை. ஒரு நாய்க்கு இதைவிட நெருங்கிய துணை வாய்ப்பது அரிது. முன்பின் தெரியாத ஓர் இடத்தில் இவற்றை விட்டார்கள்: ஒருமுறை தனியாக, ஒருமுறை கூண்டுத் துணையுடன், ஒருமுறை தினமும் பராமரிக்கும் மனிதருடன். பிறகு இரத்தம் எடுத்து, மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோனை அளந்தார்கள். தனியாக இருந்தபோது அளவு ஏறியது. ஆயுள் முழுக்கக் கூடவே வாழ்ந்த துணை பக்கத்தில் இருந்தபோதும் ஏறியது. மனிதர் இருந்தபோது ஏறவில்லை.

ஆய்வின் இன்னொரு பகுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஜோடியில் ஒன்றை மட்டும் 4 மணி நேரம் வெளியே கொண்டுபோனார்கள். கூண்டில் தனித்திருந்த மற்ற நாயின் ஹார்மோன் அளவு உயரவில்லை. நடத்தையிலும் பெரிய மாற்றம் இல்லை.

எட்டே எட்டு நாய்கள், அதுவும் வீட்டில் வளராமல் கூண்டில் வளர்ந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த ஓர் ஆய்வை வைத்து உலகத்து நாய்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் வீட்டில் நாம் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. சாலையில் போகும் நாயைப் பார்த்து வாலாட்டிவிட்டு மறந்துவிடும் அதே நாய், நம் காரின் சத்தம் தெரு முனையில் கேட்டதும் கேட்டருகே வந்து நிற்கிறது. அது காத்திருப்பது மனிதருக்காக.

எனவே இன்னொரு நாயைத் தேடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பழைய கைப்பேசி ஒன்றை ஓரமாக வைத்து, நீங்கள் கிளம்பிய பிறகு நாய் என்ன செய்கிறது என்று பதிவு செய்து பாருங்கள். முதல் அரை மணி நேரம் முக்கியம். கதவைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுக அங்குமிங்கும் அலைவது, விடாமல் ஊளையிடுவது, சுத்தம் பழகிய நாய் நடு வீட்டில் சிறுநீர் கழிப்பது எல்லாம் நீங்கள் போன கையோடு தொடங்கினால், அது பெரும்பாலும் பிரிவுப் பதற்றம். யாருமே இல்லை என்பதைவிட நீங்கள் இல்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. கால்நடை மருத்துவரிடம் கேட்டால் படிப்படியான பயிற்சி முறை சொல்வார். சிலவற்றுக்கு மருந்தும் உண்டு. இரண்டாவது நாய் அதற்குச் சிகிச்சை ஆகாது. ஒன்று ஊளையிட்டால் மற்றதும் சேர்ந்துகொள்வது நாய்களின் இயல்பு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரட்டை நாதஸ்வரம்தான்.

பதிவில் நாய் பெரும்பாலும் தூங்குகிறது, இடையில் எழுந்து எதையாவது கடிக்கிறது என்றால் அது சலிப்பு. வளர்ந்த நாய் நாளில் பாதிக்கு மேல் படுத்தே கழிப்பது இயற்கை. அதைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. காலையில் 30 நிமிடம் அதன் போக்கில் மோப்பம் பிடித்துக்கொண்டே நடக்க விடுங்கள். உணவைத் தட்டில் கொட்டாமல் அங்கங்கே ஒளித்து வைத்துத் தேடி எடுக்க விடுங்கள். பணி ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் அதே தாமானில் இருந்தால் மதியம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு நாய்க்கு ஆகும் செலவில் இவையெல்லாம் கால்வாசிகூட ஆகாது.

நான் சொல்வதற்கு எதிரான சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்துவரும் ‘டாக் ஏஜிங் புராஜெக்ட்’ என்ற பெரிய ஆய்வுத் திட்டத்திலிருந்து 2023-இல் ஒரு கட்டுரை வந்தது. 21,000-க்கும் மேற்பட்ட வீட்டு நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் தந்த தகவல்களை அலசியதில், வேறு பிராணிகளோடு சேர்ந்து வாழ்வது போன்ற சமூகத் துணை உள்ள நாய்கள் கூடுதல் ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரிந்தது. குடும்பத்தின் பண வசதியைவிட இந்தத் துணையின் தொடர்பு 5 மடங்கு வலுவானது என்றார்கள். செய்தி ஊடகங்கள் அதைப் பெரிதாகப் போட்டன.

ஆனால் இது கருத்துக் கணிப்பு, சோதனை அல்ல. துணை இருப்பதால் நாய் ஆரோக்கியமாக இருக்கிறதா, ஆரோக்கியமான, பிறரோடு ஒத்துப்போகும் நாய் இருக்கும் வீட்டில்தான் துணிந்து இன்னொன்றைக் கொண்டு வருகிறார்களா என்று இதில் பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளி நாயை வைத்துக்கொண்டு யார் இரண்டாவதைத் தேடப் போகிறார்கள்? அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவும் உண்டு. பிள்ளைகள் அதிகம் உள்ள வீடுகளில் நாய்களின் ஆரோக்கியம் சற்றுக் குறைவாக இருந்தது. வீட்டில் உள்ள நேரமும் கவனமும் பங்கு போடப்படுவதால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். உங்களிடம் இப்போதே ஒரு நாய்க்கு நேரம் போதவில்லை என்றால், அந்தப் பற்றாக்குறையை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கப் போகிறீர்கள்.

நாய்கள் இந்தப் பங்கு விஷயத்தைக் கவனிக்கின்றன. 2009-இல் வியன்னாவில் ஃப்ரீடெரிக்கே ரேஞ்ச் குழுவினர் இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ‘கை கொடு’ என்று கேட்டார்கள். இரண்டும் கொடுத்தன, ஒன்றுக்கு மட்டும் தின்பண்டம் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் மற்றது கை கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. ரொட்டியா, தொத்திறைச்சியா என்ற வித்தியாசம் அதற்குப் பொருட்டாக இல்லை. அதற்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் உறைத்தது. 2014-இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 36 நாய்களின் முன்னால், அவற்றின் உரிமையாளர்கள் குரைக்கும் பொம்மை நாயைக் கொஞ்சினார்கள். 78 விழுக்காட்டு நாய்கள் எஜமானரைத் தொட்டுத் தள்ளின. அதே உரிமையாளர்கள் புத்தகம் படித்தபோது அப்படிச் செய்தவை 22 விழுக்காடு மட்டுமே. இதை மனிதப் பொறாமை என்று சொல்லலாமா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் சர்ச்சை உண்டு. என்ன பெயர் வைத்தாலும், உங்கள் மடி யாருக்கு என்பது அதற்கு முக்கியம்.

சண்டை மூள்வதும் இங்கேதான். ஒரே வீட்டு நாய்களுக்குள் சண்டை என்று சிகிச்சைக்கு வந்த 38 ஜோடிகளை அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். 79 விழுக்காடு ஒரே பால் ஜோடிகள். சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் பிறகு வந்த, வயதில் இளைய நாய். உரிமையாளரின் கவனிப்பு, உணவு, யாராவது வீட்டுக்கு வரும்போது ஏற்படும் பரபரப்பு ஆகியவை முக்கியத் தூண்டுதல்கள். நமக்குப் பாடம் தெளிவு: ஆண் நாய் இருந்தால் பெண், பெண் இருந்தால் ஆண். இரண்டுக்கும் கருத்தடை செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுமார் 63 நாளில் உங்கள் கேள்வி ‘இன்னொரு நாயா’ என்பதிலிருந்து ‘இந்த ஆறையும் யாரிடம் கொடுப்பது’ என்று மாறிவிடும்.

இன்னொன்று: குட்டியாக இருக்கும்போது ஒட்டி உறவாடுகின்றன என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாயின் சமூக முதிர்ச்சி 1 முதல் 3 வயதுக்குள் வருகிறது. அதுவரை பெரியதன் காதைக் கடித்து விளையாடிய குட்டி, 2 வயதில் சோற்றுத் தட்டருகே உறுமத் தொடங்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வயதான நாய் உள்ள வீடுகள். “கிழவனுக்குக் கொஞ்சம் உற்சாகம் வரட்டும்” என்று 3 மாதக் குட்டியைக் கொண்டு வந்து விடுகிறார்கள். சிலவற்றுக்கு உற்சாகம் வரவும் செய்கிறது. ஆனால் 11, 12 வயது நாய்க்கு மூட்டு வலி இருக்கும். கண், காது மங்கியிருக்கும். வலியை அது சொல்லாது. தூக்கத்தில் ஒரு குட்டி பாய்ந்து மேலே விழுந்தால் அது என்ன செய்யும்? உறுமும். உறுமினால் நாம் யாரைத் திட்டுவோம்? மூத்ததைத்தான். இதுவரை அதன் இடமாக இருந்த சோபா ஓரத்தையும் குட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அது கார் நிறுத்துமிடத்தில் போய்ப் படுக்கும். நாம் ‘விட்டுக்கொடுத்துப் போகிறது, நல்ல நாய்’ என்போம்.

மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, உரிமையாளரின் கடமைகளில் ஒன்றாக, பிற விலங்குகளோடு சேர்ந்தோ தனித்தோ இருக்க வேண்டிய பிராணியின் தேவையையும் சொல்கிறது. ‘தனித்து’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எல்லா நாய்க்கும் துணை வேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை.

சட்டம் என்றதும் லைசென்ஸ் நினைவுக்கு வருகிறது. ஒரு வீட்டில் எத்தனை நாய் என்பது உங்கள் ஊராட்சி மன்றத்தின் விதியைப் பொறுத்தது. அடுக்குமாடி வீடென்றால் நிர்வாகத்தின் விதியும் சேரும். முதலில் கேட்டுவிடுங்கள். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் பதில் ‘ஆம்’ என்றால், உடல்நலத்திலிருந்து தொடங்குங்கள். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் உண்ணி ஆண்டு முழுக்கப் பெருகும். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே, சுவர் விரிசலிலும் திரை மடிப்பிலும், தன் வாழ்க்கைச் சுழற்சியை முடித்துக்கொள்ளக்கூடியது. அது பரப்பும் எர்லிக்கியா கிருமி, வெளியில் எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் நாயின் உடலில் இருக்கும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் தெருக்குட்டி அதைச் சுமந்து வந்து, உங்கள் வீட்டு உண்ணிகள் வழியாக மூத்ததற்குக் கொடுத்துவிடலாம். ஆகவே புதியதை வீட்டுக்குள் விடுமுன் இரத்தப் பரிசோதனை, உண்ணி மருந்து, தடுப்பூசி மூன்றும் முடிய வேண்டும். பார்வோ வைரஸுக்குப் பயந்து 2 வாரம் தனி அறையில் வைப்பது நல்லது. சரவாக்கில் இருப்பவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் விடக் கூடாது. அங்கே 2017 முதல் அந்த நோய் இருந்து வருகிறது.

இரண்டையும் முதன்முதலில் உங்கள் வாசலில் சந்திக்க வைக்காதீர்கள். அது மூத்ததன் எல்லை. பொதுவான ஒரு தெருவில் இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, நடுவில் இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்க வையுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் போகட்டும். சாப்பாடு வெவ்வேறு அறையில். முடிந்தால், நிரந்தரமாக எடுக்காமல் சில வாரங்கள் வளர்ப்புப் பொறுப்பில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்று காப்பகத்திடம் கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டில் ஒன்று இறந்துபோன வீட்டாரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். இத்தாலியில் 426 உரிமையாளர்களிடம் விசாரித்து 2022-இல் வெளியான ஆய்வில், கூட இருந்த நாய் இறந்த பிறகு எஞ்சிய நாய்களில் 67 விழுக்காடு உரிமையாளரையே கூடுதலாகச் சுற்றி வந்தன. 57 விழுக்காடு விளையாட்டைக் குறைத்துக்கொண்டன. ஏறக்குறைய மூன்றில் ஒன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவை தேடுவது இறந்ததைத்தானா, நம் வீட்டுத் துக்கத்தை அவையும் உணர்கின்றனவா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு புது நாயை உள்ளே விடாதீர்கள். அது உங்களை ஒட்டிக்கொண்டு திரிய விரும்பினால் திரியட்டும். சாப்பாடு 2 நாளுக்கு மேல் இறங்கவில்லை என்றால் ‘துக்கம்’ என்று நீங்களே முடிவு செய்யாமல் கிளினிக்குக்குக் கொண்டு போய் இரத்தம் சோதியுங்கள். இறந்த நாய்க்கு வந்த அதே உண்ணிக் காய்ச்சலாகவும் அது இருக்கலாம்.