பளபளப்பின் செலவு யார் கணக்கில்?

பி.காம். படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் மாமாவின் கைகள். கோவையில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் பத்து வருடமாக வேலை பார்க்கிறார். விரலிடுக்கெல்லாம் அரிப்பு, வெடிப்பு. கேட்டால், "நிக்கல் அரிப்பு மாப்ள, பழகிடும்" என்கிறார்.

அந்த நிக்கல் தொட்டியில் இருப்பது நிக்கல் சல்பேட். நீலம் கலந்த பச்சைப் படிகம், பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரில் எளிதில் கரையும். எடையில் சுமார் 22 சதவீதம் நிக்கல். இதோடு நிக்கல் குளோரைடும் போரிக் அமிலமும் சேர்த்த கரைசலை 1916-இல் அமெரிக்கரான ஆலிவர் வாட்ஸ் வெளியிட்டார். நிக்கல் முலாமுக்கு இன்றும் அடிப்படை அதுதான். மின்சாரம் பாய்ச்சினால் குழாயோ பைக் பாகமோ பளபளக்கும், துருவும் சீக்கிரம் அண்டாது. மின்சாரக் கார் பேட்டரிகள் பலவற்றுக்கும் இந்த உப்பு வேண்டும்.

ஆனால் நிக்கல் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க தோல் டாக்டர்கள் முதுகில் ஒட்டிப் பார்ப்பதும் இதே உப்பைத்தான். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. "பழகிடும்" என்பது வெறும் ஆறுதல். தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளைச் சுவாசிப்பது இன்னும் மோசம். நிக்கல் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990-இலேயே சொல்லிவிட்டது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். முலாம் போட்ட பொருளை வெளியே எடுத்ததும் தொட்டிக்கு மேலேயே சற்று நேரம் பிடித்து சொட்ட விடுவார்கள். முதலில் அலசிய தண்ணீரையும் தொட்டியிலேயே ஊற்றுவார்கள். ஒவ்வொரு சொட்டும் காசு! சொட்டுக்குக் கணக்கு இருக்கிறது, கைக்கு இல்லை. காஸ்ட் ஷீட்டில் உப்பு, கரண்ட், கூலி எல்லாம் உண்டு. கையுறையும் புகைபோக்கி விசிறியும் இல்லை. அதனால் செலவு மறைந்துவிடவில்லை. களிம்பாகவும் லீவு போட்ட நாளின் கூலியாகவும் மாமா வீட்டுக்கு வருகிறது.

பட்டறை முதலாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பைசா பைசாவாக ஜாப் ஒர்க் ரேட்டைக் குறைக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் இதில் பங்குண்டு. அந்த ரேட்டிலேயே பாதுகாப்புச் செலவும் சேர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

போன வாரம் மாமாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். யோசித்துப் பார்த்தால், அந்தச் செலவும் எங்கள் வீட்டுக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது.