செம்பு முடிச்சு

நம் உடம்பில் இருக்கும் மொத்தச் செம்பு சுமார் 100 மில்லிகிராம். பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டால் சிரிப்பார். ஆனால், தோலும் ரத்தக்குழாயும் தொளதொளக்காமல் இருப்பது அதனால்தான். கொலாஜன் இழைகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டு இறுக்குவது 'லைசில் ஆக்ஸிடேஸ்' என்கிற என்ஸைம். செம்பு இல்லையென்றால் அது வேலைநிறுத்தம்!

1962-ல் அமெரிக்க டாக்டர் ஜான் மெங்கெஸ் ஒரு நோயை விவரித்தார். ஒரே குடும்பத்து ஆண் குழந்தைகள். கம்பி போல முறுக்கிய முடி. மூன்று வயதுக்குள் மரணம். காரணம் புரியவில்லை.

1972-ல் மெல்போர்ன் டாக்டர் டேவிட் டேங்க்ஸ் அந்த மாதிரி முடியைப் பார்த்தார். ஆஸ்திரேலியாக்காரர் இல்லையா, ஆடு ஞாபகம் வந்துவிட்டது! செம்புச் சத்தில்லாத ஆட்டின் ரோமம் இப்படித்தான் இருக்கும். ரத்தத்தைச் சோதித்தார். செம்பு ரொம்பக் குறைவு. (மைக்ராஸ்கோப்பைவிட மந்தை உதவிய கேஸ் எனக்குத் தெரிந்து இதுதான்.)

வாய்வழி கொடுத்தால் குடல் உள்ளே விடாது. அதனால் ஊசி. பிறந்த சில வாரங்களுக்குள் ஆரம்பித்தால் சில குழந்தைகள் தேறுகிறார்கள். ரத்தக்குழாய் மட்டும் முழுசாக இறுகுவதில்லை.