பதக்கம் பெற்றவர் பட்ட பாடு

எதிரியைக் கொன்றவனுக்குத்தான் யுத்தத்தில் பதக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். உயிரைக் காத்ததற்காகப் பதக்கம் பெற்றவர்களும் உண்டு. மார்ட்டின் ஓமீரா அப்படிப்பட்டவர்.

அயர்லாந்தில், டிப்பரேரி மாவட்டத்தில், லோரா என்னும் கிராமத்தில் 1885-ல் பிறந்தார். தகப்பனார் கூலித் தொழிலாளி. பிழைப்புத் தேடிக் கப்பலேறி ஆஸ்திரேலியா போனார். அங்கே மரம் வெட்டி, ரெயில் பாதைக்குக் கட்டை செதுக்கினார். முதல் உலக யுத்தம் வந்தது. 1915-ல் ஆஸ்திரேலியப் பட்டாளத்தில் சேர்ந்தார்.

1916 ஆகஸ்டு மாதம். பிரான்சில் போசியேர் என்ற ஊரில் கடும் போர். இரு படைகளும் பதுங்கு குழிகளில் இருந்தன. நடுவில் வெட்டவெளி. அங்கே காயம்பட்ட சிப்பாய்கள் துடித்துக் கிடந்தார்கள். தலையைத் தூக்கினால் குண்டு பாயும்!

ஓமீரா போனார். ஒருவரைத் தூக்கி வந்தார். மறுபடி போனார். ஒரு நாள் அல்ல, நான்கு நாட்கள்! பீரங்கிக் குண்டுகள் மழையாகப் பொழிய, முன்னணிக் குழிக்கு வெடிகுண்டுகளும் சுமந்து போய்க் கொடுத்தார். பல உயிர்களைக் காத்தார் என்று ராணுவமே எழுதி வைத்தது.

பிரிட்டிஷ் பேரரசின் மிகப் பெரிய வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது. 1917-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அதைத் தந்தார். அதன் பிறகு விட்டார்களா? மீண்டும் போர்முனைதான். மொத்தம் மூன்று முறை காயம் பட்டார்.

1918 நவம்பரில் ஆஸ்திரேலியா திரும்பினார். வயது 33. வந்த சில நாட்களுக்குள் சித்தம் கலங்கிவிட்டது. மனநோய் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். கை கால் அசையாதபடி கட்டும் சட்டையையும் மாட்டினார்கள். உடம்பில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்தது. மனசில் பட்ட காயத்துக்கு அந்தக் காலத்தில் சரியான வைத்தியம் இல்லை. டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன? நான்கு நாள் நரகத்தைப் பார்த்தவரை மறுபடியும் நரகத்துக்கு அனுப்பியவர்கள் யார்?

பதினேழு வருஷம் ஆஸ்பத்திரி வாசம். 1935 டிசம்பரில் பெர்த் நகரில் இறந்தார். ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

அவர் ஓர் உயில் எழுதியிருந்தார். லோராவில் இடிந்து கிடக்கும் பழைய மடாலயத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கியிருந்தார். அந்தப் பணம் போதவில்லை. ஆகவே, ஊர் மாதா கோவிலைப் பழுது பார்த்தார்கள்.

2019-ல் அவருடைய பதக்கம் அயர்லாந்துக்கு வந்தது. டப்ளின் அருங்காட்சியகத்தில் மக்கள் அதைப் பார்த்தார்கள். அதுவும் இரவல்தான்!