ஆல்பக்கோடா என்கிற பிளம்ஸ்

சென்ற மாதம் என் மகள் ஐந்தாம் மாசக் கர்ப்பத்தோடு மதுரைக்கு வந்திருந்தாள். முகமெல்லாம் வெளிறி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்ததும் டாக்டரம்மா, "இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்கா போடறியாம்மா?" என்று கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாத்திரை போட்டால் மூன்று நாளைக்கு வெளிக்குப் போக முடிவதில்லையாம். இதைப் போய் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாசமாக மாத்திரையை அலமாரியிலேயே வைத்திருக்கிறாள்! நம் பெண்கள் எதற்கெல்லாம் வெட்கப்படுகிறார்கள், பாருங்கள்.

மறுநாள் நானே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு மாத்திரை எழுதிக்கொடுத்து, "காபி, டீ, பாலோடு சேர்த்து விழுங்காதே. தண்ணீர் நிறையக் குடி. தினம் நாலைந்து புரூன்ஸ் சாப்பிடு" என்றார்.

புரூன்ஸ் என்றால்? பெரிய கடையில் பளபளக்கும் பாக்கெட்டில் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அது வேறொன்றுமில்லை, உலர்ந்த பிளம்ஸ்தான். நம் நாட்டு மருந்துக் கடையில் ஆல்பக்கோடா என்று கேட்டால் தருகிறார்களே, அதுவும் உலர்ந்த பிளம்ஸ்தான். புரூன்ஸ் இனிப்பு, ஆல்பக்கோடா புளிப்பு, அவ்வளவே. என் மசக்கையின்போது என் மாமியார் வாயில் போட்டு அடக்கிக்கொள்ளச் சொன்னது இதைத்தான். குமட்டல் வரும்போது அந்தப் புளிப்பு எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது!

இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. இவருக்கு டில்லிக்கு மாற்றலாகி அங்கே இரண்டு வருஷம் இருந்தோம். பக்கத்து வீட்டு மாமி 'ஆலு புகாரா சட்னி' கொண்டுவந்து தந்தார். ஆலு என்றால் உருளைக்கிழங்குதானே, கிழங்கையே காணோமே என்று நான் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன்! மாமி சிரித்துவிட்டு விளக்கினார். பாரசீக மொழியில் ஆலு என்றால் பிளம்ஸ். புகாரா என்பது உஸ்பெகிஸ்தானில் இருக்கிற ஊர். புகாராவின் பிளம்ஸ், ஆலு புகாரா. அதுதான் நம் வாயில் ஆல்பக்கோடாவாகி இருக்கிறது.

வெள்ளைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாவல் பழத்தை 'ஜாவா பிளம்' என்பார்கள், இலந்தையை 'இந்தியன் பிளம்' என்பார்கள். இரண்டுக்கும் பிளம்ஸுக்கும் உறவே கிடையாது. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் பிளம்ஸைத் தேடியிருக்கிறீர்களா? இருக்காது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சையைத்தான் பிளம் என்றார்களாம். அது தெரியாமல் நான் ஒரு தடவை கொடைக்கானல் பிளம்ஸை நறுக்கிப் போட்டு கேக் செய்து, அது களியாகி, வேலைக்காரம்மாகூட வேண்டாம் என்றுவிட்டாள்.

பச்சைப் பழத்துக்கு நம் ஊரில் மே, ஜூன்தான் காலம். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ரூபியோ, ஹேல், கெல்சி என்று சில ரகங்கள் விளைகின்றன. கெல்சி பழுத்தும் பச்சையும் மஞ்சளுமாகவே இருக்கும், காய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹிமாசலத்திலிருந்து வருகிற கருஞ்சிவப்புப் பழம் பெரும்பாலும் சாண்டா ரோசா. லூதர் பர்பாங்க் என்பவர் கலிபோர்னியாவில் 1906ல் வெளியிட்ட ரகம் அது. வாங்கும்போது மேலே வெண்சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். அது பழத்தின் இயற்கையான மெழுகு, கழுவினால் போய்விடும். ரொம்பப் புளித்தால் மாங்காய்ப் பச்சடி மாதிரியே வெல்லம் போட்டுக் கொதிக்கவிட்டு, கடுகும் வரமிளகாயும் தாளித்துப் பாருங்கள். சோறு கூடுதலாக வடிக்க வேண்டியிருக்கும்.

மகளுக்கு நான் செய்தது இதுதான். ஐந்து ஆல்பக்கோடாவை நன்றாகக் கழுவி, இரவு ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைப்பேன். காலையில் கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தைத் தின்று, அந்தத் தண்ணீரையும் குடிக்க வேண்டும். நார்ச்சத்தோடு சார்பிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரையும் அதில் இருக்கிறது. அது குடலில் நீரை இழுத்துவைத்து மலத்தை இளக்குகிறது. அளவு மீறினால் வயிறு பொருமி, போக்கும் ஆகிவிடும். சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம். உலர்ந்த பழத்தில் இனிப்பு திரண்டிருக்கும்.

கொட்டையைக் குழந்தைகள் கையில் விடாதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பது ஒன்று. உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்றால், அதிலுள்ள பொருள் வயிற்றில் சயனைடு விஷமாக மாறும் என்பது இன்னொன்று. பாதாம் மாதிரி இருக்கிறதே என்று தின்னக் கூடாது.

மாத்திரையை மாற்றியதும் பழமும் தண்ணீருமாகச் சேர்ந்து, நாலாம் நாளே மகள் முகம் தெளிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது கால் கிலோ ஆல்பக்கோடா பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சம்பந்தியம்மாவுக்கும் நானே போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "இதை என்கிட்ட சொல்றதுக்கு என்னவாம் அவளுக்கு? எனக்கும் அதே தொல்லைதானே அந்தக் காலத்தில்!" என்றார் அவர்.