சாயங்காலம் இல்லாத பிள்ளைகள்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் பக்கத்துப் பெண் பிள்ளைகளிடம் "பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னம்மா விளையாடுவீங்க?" என்று கேட்டால், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலையிலிருந்து அம்மா திரும்புவதற்குள் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பையன்களுக்காவது தெருவில் கொஞ்ச நேரம் கிரிக்கெட் கிடைக்கிறது. இவர்களுக்கு அதுவும் கிடையாது.

விளையாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் விடிகாலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி என்றே பேசுகிறோம். அந்த இரண்டு வேளையுமே இந்தப் பிள்ளைகளுடையவை அல்ல. கால அட்டவணையில் எழுதியிருக்கும் பி.டி. பீரியட் ஒன்றுதான் அவர்களுக்குச் சொந்தம். அதைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்ளும்போது, வேறெந்த நேரத்திலும் திருப்பித் தர முடியாத ஒன்றை வாங்குகிறோம். அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு தூரம் போய்ச் சொல்லவேண்டிய நிலையில்தான் அது இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இது இன்னும் கனமான விஷயம். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிப்போன காலம் ஒன்று இங்கே இருந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயகரமான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கு சிவகாசிப் பிள்ளைகளுக்காகவே போடப்பட்டது. எத்தனையோ பேர் பாடுபட்டு அவர்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்து உட்கார வைத்ததோடு கடன் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பறிபோனது படிப்பு மட்டுமில்லை, விளையாட்டும்தான்.

சரி, பீரியட் கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது? வாலிபால் ஒன்று வெளியே வரும். நன்றாக ஆடுகிற பன்னிரண்டு பேர் மைதானத்துக்குள் போவார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். உள்ளே போன பன்னிரண்டு பேரிலும் பந்து மூன்று பேர் கையிலேயே சுற்றும். குறுவட்டப் போட்டி நெருங்கினால் டீம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பயிற்சி. கோப்பை வந்தால் பிரேயரில் கைதட்டல் உண்டு, அது நல்லதுதான். ஆனால் ஒரு வகுப்பில் 40 பேருக்கும் இருக்கிற பீரியடில் 28 பேர் எதுவும் கற்றுக்கொள்ளாமல் எழுந்து போகிறார்கள். கணக்கு வகுப்பில் இப்படி நடந்தால் ஊரே கேட்கும்.

வாலிபால் எப்படிப் பிறந்தது என்பதை நினைத்தால் இது இன்னும் வருத்தமாக இருக்கிறது. 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் அதை உண்டாக்கியதே, கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் தாங்காத நடுவயதுக்காரர்களுக்காகத்தான். பக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம் என்பது அவருடைய முதல் விதிகளில் ஒன்று. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்தவர்கள் வழியாகவும் இந்த மாதிரி ஆட்டங்கள் நம் பள்ளிகளுக்கு வந்தன. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளப் பிறந்த ஆட்டத்தை நாம் பன்னிரண்டு பேருக்குச் சுருக்கிவிட்டோம்.

விரிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. மைதானத்தின் குறுக்கே நீளமாக ஒரு கயிறு கட்டினால் போதும். அதன் கீழே சுண்ணாம்புக் கோடு போட்டு நான்கு சின்ன ஆடுகளங்களாகப் பிரித்து, பக்கத்துக்கு ஐந்து பேரை நிறுத்தினால் 40 பேரும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். நான்கு லேசான பந்துகள் வேண்டும், அவ்வளவுதான். பெண்கள் போட்டியில் வலையின் உயரம் 2.24 மீட்டர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணக்கே வேண்டாம், அவள் கை எட்டுகிற உயரத்தில் கயிறு இருக்கட்டும். முதல் சில வாரங்கள் பந்தைப் பிடித்து எறியலாம். பிடித்தவர் நகரக் கூடாது, மூன்று பேர் கைமாறித்தான் பந்து அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற இரண்டு விதி போதும். இடம் பார்த்து நிற்பது, யாருக்குக் கொடுப்பது என்று யோசிப்பது, காலி இடத்தில் போடுவது எல்லாம் தானாக வரும். அண்டர் ஹேண்டும் லிஃப்டும் அதற்குப் பிறகு.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1982-ல் இங்கிலாந்தின் லாஃப்பரோவில் டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் இதையே எழுதினார்கள். நுட்பத்தைத் தனியாக உருப்போட வைத்துக் கடைசியில் ஆட்டத்தைக் காட்டாதீர்கள், பிள்ளைக்கு ஏற்றபடி சுருக்கிய ஆட்டத்தை முதலில் கொடுங்கள், நுட்பம் ஏன் வேண்டும் என்பது அப்போதுதான் அதற்கே புரியும் என்பது அவர்கள் வாதம். ஒற்றை வரிசையில் நின்று, எப்போதாவது ஒருமுறை பந்தைத் தொட்டுவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

வாலிபாலில் எனக்கு மிகவும் பிடித்த விதி ரொட்டேஷன். சர்வீஸ் உரிமை கிடைத்ததும் எல்லோரும் ஓரிடம் நகர வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளைக்கும் சர்வீஸ் முறை வந்தே தீரும். அவள் போட்ட பந்து கயிற்றில் பட்டு விழும் அந்த நொடியில் மற்ற நான்கு பேர் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பி.டி. டீச்சர் சொல்லிக்கொடுக்க வேண்டும். சர்வீஸ் போடுவதைப் போலவே அதுவும் பாடம்தான்.

இன்னொன்று, குரல். இரண்டு பேருக்கு நடுவில் பந்து விழுவது பெரும்பாலும் கை போகாததால் அல்ல, ஒருவரும் "எனக்கு!" என்று கத்தாததால். பொம்பளைப் பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, சத்தம் போட்டால்தான் ஆட்டம் நடக்கும் என்று சொல்கிற ஒரே வகுப்பு இது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. அதை மீறிக் கூட்டம் சேர்த்து உட்கார வைத்த இடங்களில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இந்த ஊருக்குத் தெரியும். ஐந்தாவது ஆளை உள்ளே அனுப்பும்போது, போர்மேன் முகத்தைப் பார்த்து "வேண்டாம்ண்ணே" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் எங்கேயாவது பழக வேண்டும் அல்லவா? மைதானத்தில் பழகலாம் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

பக்கத்தில் இருக்கிற கோவில்பட்டியும் தீப்பெட்டி ஊர்தான். அங்கே தெருத்தெருவாக ஹாக்கி வேரூன்றியிருக்கிறது. அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் ஆடினார்கள், அணி வெண்கலம் வென்றது. அந்த மாதிரி பேர் நமக்கும் வரட்டும். அதைவிட முதலில், எந்த அணிக்கும் போகாத பிள்ளை ஒரு ஆட்டத்தை ஒழுங்காக ஆடத் தெரிந்தவளாகப் பத்தாம் வகுப்பை முடிக்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பது உண்மை. கல்வி உரிமைச் சட்டம் நடுநிலை வகுப்புகளில் நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. தமிழகத்தில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் சேர்த்து 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு உயர்ந்தது, நிரந்தரம் செய்யுங்கள் என்ற அவர்களுடைய கோரிக்கை மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அரை நாள் வந்து போகிறவரிடம் முழுப் பள்ளியின் விளையாட்டையும் ஒப்படைப்பது அவருக்கும் அநியாயம், பிள்ளைகளுக்கும் அநியாயம்.

முழுநேர ஆசிரியர் வரும்வரை பெற்றோர் கையிலும் ஒன்று இருக்கிறது. அதே சட்டம், விளையாட்டுப் பொருட்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைப்படும் அளவு தரப்பட வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான், அவர்களில் பலர் பயர் ஆபீஸ் போகிற அம்மாக்கள். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாம் பேசி முடித்ததும் இதையும் கேளுங்கள் அக்கா: ஆறாம் வகுப்புக்கு எத்தனை பந்து இருக்கிறது, போன மாதம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது, என் மகள் அதில் பந்தைத் தொட்டாளா?