கொடுங்கையூருக்கு எரிஉலை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையைச் சென்னை மாநகராட்சி திட்டமிட்டிருக்கிறது. கிடங்கின் நாற்றத்தோடும் புகையோடும் வாழும் வடசென்னைக்காரி என்ற முறையில் இதை வன்மையாக எதிர்க்கிறேன்.

நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், வாழையிலைதான். ஈரம் சொட்டும் இந்தக் குப்பை தானாக எரியாது. மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரி வெப்பமாவது தரக்கூடிய குப்பையைத்தான் எரிசக்திக்கு அனுப்பச் சொன்னது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி. ஈரக் குப்பை அந்த அளவைத் தொடாது. அப்படியானால் உலை அணையாமலிருக்க எதைப் போடுவார்கள்? அட்டை, பிளாஸ்டிக், ரப்பர், துணி. காயலான் கடைக்குப் போட்டுப் பல குடும்பங்கள் அடுப்பெரிப்பது இவற்றை நம்பித்தான். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி வீடுவீடாக வரும் தூய்மைப் பணியாளர்களின் உழைப்பும் இதில் வீணாகும். போட்ட முதலை எடுக்க ஆலை இருபது ஆண்டுகளாவது ஓடியாக வேண்டும். அத்தனை காலமும் குப்பை குறையவே கூடாது என்றாகிவிடும்.

டெல்லி இதை ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. 1987இல் திமார்பூரில் டென்மார்க் உதவியோடு கட்டிய எரிஉலை, குப்பையில் போதிய வெப்பம் இல்லாததால் சில வாரங்களிலேயே நின்றது. பின்னர் ஓக்லாவில் குடியிருப்புகளை ஒட்டி வந்த ஆலைக்கு, மாசு காரணமாக 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆனாலும் ஆலை தொடர்ந்து ஓடியது. அபராதம் கட்டிவிட்டால் சுவாசித்த புகை திரும்பிப் போய்விடுமா?

உலையின் வெப்பம் 850 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். ஈரக் குப்பை விழ விழ அது இறங்கும். அப்போது பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்குகளிலிருந்து டையாக்சின் என்ற கொடிய நஞ்சு அதிகமாகும். புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, உடலில் பல ஆண்டுகள் தங்குவது. வடிகட்டிகள் பிடித்துவைக்கும் நஞ்சும் சாம்பலில்தான் போய்ச் சேரும். எரித்த குப்பையின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது சாம்பலாக மிஞ்சும் என்று வைத்தாலும் தினம் 400 டன்னுக்கு மேல் வரும். அதையும் எங்கள் பக்கத்தில்தான் கொட்டுவார்களா?

மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் எல்லாம் எங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மட்டும் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு. அது அடங்குவதற்குள் எண்ணூரில் அமோனியாக் கசிவு. நகரத்தின் அழுக்கை இன்னும் எவ்வளவுதான் நாங்களே சுமப்பது?

கொடுங்கையூர்க் கிடங்கு, 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் பழைய குப்பையை அகழ்ந்து மீட்கும் நிலம். அதை மரங்களும் விளையாட்டுத் திடலுமாக எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். எரிஉலைக்கு ஒதுக்கும் பணத்தை ஒவ்வொரு வார்டிலும் உரக்கிடங்குக்கும் உயிரி எரிவாயுக் கலனுக்கும் கொடுங்கள். மேயரும் ஆணையரும் கொடுங்கையூரிலேயே பொதுக் கூட்டம் கூட்டி, சாம்பல் எங்கே போகும், டையாக்சினை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பார்கள் என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அதுவரை டெண்டர் உட்பட எல்லா வேலைகளையும் நிறுத்திவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, கொடுங்கையூர், சென்னை - 118